ஐந்து பாகம், 61 நாள்

வாசகர் கேள்வி – பதில்

இளையோருக்கான சரித்திரக் காதல் நாவல்கள், மாயாஜாலத் தொடர்கள் குறித்து இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். படிக்காதவர்களையும் மனத்தில் வைத்து, கதையின் முடிச்சு எதையும் இங்கே அவிழ்க்கவில்லை.

“படம் பார்த்த ஆசையில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை எடுத்தேன். இருபது அத்தியாயம் போவதற்குள் யாருக்கு யார் என்ன உறவு என்பதே குழம்பிவிட்டது. மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் அதே இடத்தில் வைத்துவிட்டேன்.”
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தொண்டி

உன்னைத் தடுக்கி விழவைப்பது பெயர்கள்தான், மகளே. அருள்மொழிவர்மன், பொன்னியின் செல்வன், பின்னாளில் இராஜராஜன் மூவரும் ஒரே ஆள். குந்தவையும் இளைய பிராட்டியும் ஒருத்தி. திருமலையப்பன் என்றாலும் ஆழ்வார்க்கடியான் என்றாலும் ஒருவனே. பழுவேட்டரையர் மட்டும் இரண்டு பேர், அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். முன்பு இது பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது வாராவாரம் படித்தவர்களுக்கு ஒவ்வொரு பெயரும் மனத்தில் ஊற ஏழு நாள் கிடைத்தது. நீ ஒரே மூச்சில் இருபது அத்தியாயம் படிப்பதால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்துக்கொள். முதல் பக்கத்தில் ஒரு வம்சக் கொடி மட்டும் போடு. மேலே முதலாம் பராந்தகன். அவருக்குக் கீழே மூன்று பிள்ளைகள்: இராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். இராஜாதித்தர் தக்கோலப் போரில் இறந்துபோனார், அங்கே ஒரு கோடு இழுத்து நிறுத்திவிடு. கண்டராதித்தருக்குக் கீழே மதுராந்தகன். அரிஞ்சயருக்குக் கீழே சுந்தர சோழர், அவருக்குக் கீழே ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. அண்ணன் வழியில் ஒரு பிள்ளை, தம்பி வழியில் பேரப்பிள்ளைகள், பட்டம் யாருக்கு? கதையின் சண்டை முழுவதும் இந்த ஒரே கேள்விதான். இந்தக் கொடி கண்முன்னால் இருந்தால் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிப் பேசுகிறவர்கள் எதற்காகக் கூடினார்கள் என்பது சட்டென்று பிடிபடும்.

அடுத்த பக்கத்திலிருந்து ஆளுக்கு அரைப் பக்கம். நான்கே வரி போதும். உதாரணமாக: “வந்தியத்தேவன். வல்லவரையன், வாணர் குலம். ஆதித்த கரிகாலன் அனுப்பிய ஆள். மடியில் இரண்டு ஓலை: ஒன்று சுந்தர சோழருக்கு, ஒன்று குந்தவைக்கு. கடைசியாகப் பார்த்தது கடம்பூரில்.” இந்த நான்காவது வரியை மட்டும் பென்சிலால் எழுது. ஆள் இடம் மாறும்போதெல்லாம் அழித்து எழுதலாம். முதல் பாகத்துக்குப் பன்னிரண்டு பேர் எழுதினால் போதும். குதிரைக்காரன், படகோட்டி, வைத்தியர் எல்லாரையும் எழுதப் போனால் நோட்டுதான் வளரும், கதை நகராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசிரியர் நடுவில் நின்று பழைய சோழர் வரலாறு சொல்லும் பக்கங்கள் வரும். அவசரத்தில் அவற்றைத் தாண்டிவிடுகிறார்கள். வேகமாகப் படி, ஆனால் விட்டுவிடாதே. பின்னால் ஒருவன் எதற்குப் பழிவாங்க நினைக்கிறான் என்பதற்கான வேர் அங்கேதான் இருக்கிறது.

நான்காம் தடவை தொடங்கும்போது, நின்ற இடத்திலிருந்து தொடராமல், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை வருகிற அந்த முதல் பக்கத்திலிருந்தே தொடங்கு.

“மீன்பிடித் தடைக்காலத்தில் வலை பின்னுவது, போட்டுக்குப் பெயின்ட் அடிப்பது போக நேரம் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு பெரிய தொடரை முடித்துவிட முடியுமா?”
– விசைப்படகுத் தொழிலாளி, பாம்பன்

தாராளமாக முடியும், தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்திலும் சேர்த்து 293 அத்தியாயம்: புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. நாளுக்கு ஐந்து அத்தியாயம் என்று வைத்தால் முதல் பாகம் ஏப்ரல் 26 அன்று முடியும். இரண்டாவது மே 6, மூன்றாவது மே 16, நான்காவது மே 25. கடைசிப் பாகம் ஜூன் 12 அன்று முடிந்து, கடலுக்குப் போக ஐஸ் ஏற்றுவதற்கு முன் இரண்டு நாள் மிச்சம் இருக்கும். ஒரு அத்தியாயம் பதிப்பைப் பொறுத்து எட்டு, பத்துப் பக்கம். ஐந்துக்கும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இரண்டு இடத்தில் தவறும். முதல் வாரத்தில் ஐந்து அத்தியாயம் பாரமாக இருக்கும், மூன்றோடு நின்றுபோகும். அதற்காக விட்டுவிட வேண்டாம். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயமே ‘பூங்குழலி’. கோடிக்கரையில் படகும் கடலுமாகத் தொடங்குகிறது. காற்றும் அலையும் தெரிந்தவர்களுக்கு அங்கிருந்து நாளுக்கு எட்டு பத்து தானாக ஓடும், பின்தங்கிய கணக்கு நேராகிவிடும். இரண்டாவது ஆபத்து அதற்கு நேர்மாறானது. ராத்திரி இரண்டு மணி வரை புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. இந்தக் கதை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்தது. அடுத்த இதழுக்கு வாசகர் காத்திருக்க வேண்டும் என்பதால் அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கொக்கி போட்டிருக்கும்: கதவு தட்டப்படும், இருட்டில் ஓர் உருவம் தெரியும், கத்தி பளிச்சிடும். அத்தியாய முடிவில் நிறுத்த நினைத்தால் தூக்கம் போச்சு. அடுத்த அத்தியாயத்துக்குள் இரண்டு பக்கம் போய் அங்கே நிறுத்துங்கள். தட்டியவர் யாரென்று தெரிந்திருக்கும், மனம் அடங்கியிருக்கும். தொடர்கதை எதுவானாலும் இந்த உபாயம் பலிக்கும்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. சுருக்கப் பதிப்பும் நடுவில் கலந்திருக்கும். பொருளடக்கத்தைப் புரட்டி முதல் பாகத்தில் 57 அத்தியாயம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அது சுருக்கம். நூலகத்தில் எடுப்பதானால், முதல் பாகத்தைக் கையில் வாங்கும் முன் ஐந்தாம் பாகம் அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதல் நான்கும் இருந்து ஐந்தாவது இல்லாமல் தவிப்பது போன்ற கொடுமை வேறில்லை.

“ஆங்கிலத்தில் ஃபேண்டஸித் தொடர்கள் படிக்க ஆசை. ஆனால் எந்தப் புத்தகத்தை முதலில் படிப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 0.5, 1.5 என்றெல்லாம் எண் வேறு போடுகிறார்களே?”
– கல்லூரி மாணவி, மண்டபம்

வெளிவந்த வரிசையில் படியுங்கள். இது எங்கள் உறுதியான கருத்து. ‘நார்னியா’ தொடரில் ஏழு புத்தகம். 1950இல் முதலில் வந்தது அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டில் வெளிவரும் கதை. அந்த உலகம் எப்படி உண்டானது என்று சொல்லும் முன்கதை 1955இல்தான் வந்தது. கதைக் காலப்படி அது முந்தியது என்பதால் இப்போது விற்கும் தொகுப்புகளில் அதற்கு ஒன்றாம் எண் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து தொடங்கினால் என்ன கெடும்? அந்தக் காட்டின் நடுவே ஒரு விளக்குக் கம்பம் நிற்கும். அதைப் பார்த்துத் திகைக்கும் சிறுமியோடு சேர்ந்து நீங்களும் திகைக்க வேண்டும். விடையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்தத் திகைப்பு வராது. ‘ஹங்கர் கேம்ஸ்’ தொடருக்கும் இதுவே. 2008 முதல் 2010 வரை வந்த மூன்றையும் முடித்துவிட்டு, 2020, 2025 ஆண்டுகளில் வந்த முன்கதைகளுக்குப் போங்கள். நம் கல்கியிடமும் இப்படி ஒரு சோடி உண்டு. ‘சிவகாமியின் சபதம்’ கதைக்குப் பிந்திய காலத்தில் நடப்பது ‘பார்த்திபன் கனவு’, ஆனால் எழுதியது முந்தி. அளவிலும் சிறியது. அதை முதலில் படித்தால் அதில் வரும் சிவனடியாரைப் பற்றிய மர்மம் முழுசாகக் கிடைக்கும்.

0.5 என்றால் முதல் புத்தகத்துக்கு முன்னால் நடக்கும் குறுங்கதை. 1.5 என்றால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நடப்பது. பெரும்பாலும் துணைப் பாத்திரம் ஒன்றின் பார்வையில் இருக்கும். இவற்றைப் படிக்காவிட்டாலும் பெரிய கதை புரியும். எல்லாம் முடிந்தபின் அந்த உலகத்தை விட மனமில்லாதபோது எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது அட்டைப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் இங்கிலாந்தில் 1997இல் ஒரு பெயரிலும், அமெரிக்காவில் 1998இல் வேறு பெயரிலும் வந்தது. இரண்டையும் வெவ்வேறு என்று நினைத்து வாங்கினால் காசு வீண். தமிழில் அது ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத் தொடருக்குள் போகும்போது மொழியைவிடப் பெயர்களில்தான் அதிகம் தயங்குவார்கள். வாயில் நுழையாத பெயர் வரும்போதெல்லாம் கண் அதில் தட்டி நிற்கும். முதல் தடவை வரும்போதே உங்களுக்குத் தோன்றுகிற உச்சரிப்பில் அதைத் தமிழில் புத்தக அடையாள அட்டையில் எழுதிவிடுங்கள். சரியான உச்சரிப்பா என்ற கவலை வேண்டாம், ஒரே மாதிரி இருந்தால் போதும். அட்டையின் பின்பக்கத்தில் மூன்று தலைப்பு: இந்த உலகத்தில் மந்திரத்தால் என்ன முடியும், என்ன முடியாது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும். நல்ல ஃபேண்டஸி முதல் புத்தகத்திலேயே இந்த மூன்றையும் காட்டிவிடும். மூன்றாம் புத்தகத்தில் நாயகன் மாட்டிக்கொண்டான் என்பதற்காகத் திடீரென்று புது மந்திரம் ஒன்று முளைத்தால் அது எழுதியவரின் பிழை. அந்தத் தொடரைப் பாதியில் விடுவதில் குற்ற உணர்வே வேண்டாம்.

எந்தப் புத்தகம் உங்கள் ஆங்கிலத்துக்கு ஒத்துவரும் என்று பார்க்க, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம்.

“என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எந்நேரமும் காதல் கதைப் புத்தகம். கண்டிப்பதா, விடுவதா?”
– ஒரு தாய், கீழக்கரை

விடுங்கள், ஆனால் எந்தப் புத்தகம் என்று பாருங்கள், அம்மா. கல்கியின் கதைகளில் காதல் என்பது பார்வையும் பேச்சும் பிரிவும்தான். பன்னிரண்டு வயதிலிருந்தே படிக்கலாம். சாண்டில்யன் கதைகளில் கடலும் கப்பலும் போர்த் தந்திரமும் அபாரமாக இருக்கும், அதோடு பெண்களின் அங்க வர்ணனை பக்கக்கணக்கில் வரும். அதற்குப் பதினாறு வயதாவது ஆகட்டும். ஹாரி பாட்டரின் முதல் மூன்று பத்து வயதுக்கே சரி. நான்காவதிலிருந்து மரணமும் இருட்டும் கூடும். ‘ஹங்கர் கேம்ஸ்’ கதையில் பிள்ளைகளே பிள்ளைகளைக் கொல்ல வேண்டிவரும், பதின்மூன்றுக்கு முன் வேண்டாம்.

பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘யங் அடல்ட்’ என்பது பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை. ‘நியூ அடல்ட்’ என்று போட்டால் அது பதினெட்டு தாண்டியவர்களுக்கு, படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாக இருக்கும். இரண்டுக்கும் அட்டை ஒரே மாதிரி பூவும் வாளும் கிரீடமுமாக அழகாக இருப்பதால் கடையில் ஒரே வரிசையில் கலந்து கிடக்கும். பின்னட்டையைப் படியுங்கள், முதல் மூன்று அத்தியாயமும் நடுவில் ஒரு அத்தியாயமும் நீங்களே படியுங்கள்.

கெட்டது என்று புத்தகத்தைப் பிடுங்குவதைவிட மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அவள் வேண்டாம் என்று சொன்னபோது அவன் கேட்டானா?” பழைய சரித்திரக் கதைகளில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவதையே வீரமாக எழுதியிருப்பார்கள். புதிய தொடர்களில் எதிரியே காதலனாக மாறுவது வழக்கம். அந்த மாற்றத்துக்கு அவன் என்ன செய்தான், மன்னிப்புக் கேட்டானா, நடத்தை திருந்தியதா, இல்லை அழகாக இருக்கிறான் என்பதே போதுமானதாக ஆகிவிட்டதா? பதின்மூன்று வயதுப் பெண் இதற்கு உங்களைவிடத் தெளிவாகப் பதில் சொல்வாள்.

“தமிழில் பழைய மாயாஜாலக் கதை ஏதாவது இளவயதினர் படிக்கிற மாதிரி உண்டா?”
– பெரியபட்டினம் வாசகர்

‘மணிமேகலை’ காப்பியத்தையே அப்படிப் படித்துப் பாருங்கள், உரைநடையில் நல்ல சுருக்கங்கள் கிடைக்கின்றன. நாயகி இளம்பெண். அவளை விடாமல் துரத்தும் இளவரசன் உதயகுமாரன். தூங்கும்போது அவளை ஒரு கடல் தெய்வம் வான்வழியே தூக்கிப்போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே மூன்று மந்திரம் கற்றுக்கொள்கிறாள்: வேற்றுருவம் எடுக்க, வானத்தில் பறக்க, பசியைத் தாங்க. மேலே சொன்ன மூன்று தலைப்பு அட்டையை இங்கேயும் எழுதலாம். ஒரு மந்திரத்தை அவள் எப்போது எடுக்கிறாள், அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் கதைக்கட்டு எவ்வளவு இறுக்கம் என்பது தெரியும். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் அந்தத் தீவில்தான் அவள் கைக்கு வருகிறது.

நம் கடற்கரை முஸ்லிம் ஊர்களுக்கு நெருக்கமான ‘நூறு மசலா’ இன்னொன்று. ஓர் இளவரசி நூறு கேள்வி கேட்கிறாள், விடை சொல்பவனையே மணப்பாள். காதலும் விடுகதையும் சேர்ந்த கதை. வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது சில கேள்விகள் மனப்பாடமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

“சரித்திர நாவலில் எது உண்மை, எது கற்பனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் பகுதியை வைத்து எழுத வரலாறு இருக்கிறதா?”
– ஆசிரியர் பயிற்சி மாணவர், தேவிபட்டினம்

முதலில் ஆட்கள். வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதற்குக் கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையில் சம்பந்தப்பட்டவர்களாக ரவிதாசன் முதலானோர் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் வருகிறது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கல்கியின் படைப்பு. நல்ல சரித்திர நாவலில் கல்வெட்டு சொல்லும் இரண்டு வரிக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் கற்பனை உட்காரும். கல்வெட்டையே புரட்டிப்போட்டால் அது வேறு வகைக் கதை.

அடுத்தது பொருள்கள். வாசகரே பிடிக்கக்கூடிய பிழைகள் இங்கேதான் அதிகம். நம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, பெருமைதான். ஆனால் மிளகாய் போர்ச்சுக்கீசியர் வந்தபின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். சோழர் காலச் சமையலறையில் மிளகாய் வறுத்தால் தும்ம வேண்டியது வாசகர்தான். அங்கே மிளகு இருக்க வேண்டும். தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, புகையிலைக்கும் இதே கதி. பாண்டிய ஒற்றன் சீமைக்கருவேலம் புதருக்குள் ஒளிந்தாலும் பிழை. இன்று ஊரெல்லாம் மண்டிக் கிடந்தாலும் அது பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மரம். உடைமரத்தடியிலோ பனங்காட்டிலோ ஒளியட்டும். இராஜராஜன் காலத்து நாயகி இராமேசுவரத்தின் பெரிய மூன்றாம் பிராகாரத்தில் நடக்கக் கூடாது. அது 18ஆம் நூற்றாண்டு வேலை. சங்க காலக் கதையில் ‘சேரரின் தொண்டி’ என்று வந்தால் நம் தொண்டி என்று மகிழ்ந்துவிட வேண்டாம், அது மேற்குக் கடற்கரைத் துறைமுகம்.

நம் பகுதி வரலாற்றுக்கு என்ன குறை? வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம். ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அங்கே கிடைத்திருக்கின்றன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்ததையும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்ததையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரை இறக்கும் துறை, முத்துக் குளிக்கும் பருவம், கணக்கெழுதும் இளைஞன், சங்குக் குளிப்பவரின் மகள் என்று ஒரு தொடருக்கு வேண்டிய எல்லாம் இங்கே கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டு வேண்டுமென்றால் இராமநாதபுரம் அரச குடும்பத்தில் பிறந்த வேலு நாச்சியார். 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்து 1780இல் சிவகங்கையை மீட்டவர். அந்த நூற்றாண்டின் ஆடை, ஆயுதம், வெள்ளைக்காரர் உடுப்பு எப்படி இருந்தது என்று பார்க்க இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசச் சுவரோவியங்களுக்கு முன் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள்.

“பாட்டி வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள் டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. தாள் பொடிகிறது, பின் துருப்பிடித்திருக்கிறது. உப்புக் காற்றில் எப்படிக் காப்பாற்றுவது?”
– தங்கச்சிமடம் வாசகி

அவற்றில் முதலில் வந்த ஓவியங்கள் இருக்கும். ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்தவை கதையோடு பிறந்தவை. எனவே பொறுமையாகச் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் தொட வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாள் ஈரம் குடித்துத் தளர்ந்திருக்கும். காய்ந்த நாளில், நிழலில், மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தாளின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். துருப்பிடித்த பின்னை இழுத்தால் தாளும் சேர்ந்து வரும். பின்புறம் மடங்கிய இரண்டு காலையும் மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி, முன்பக்கமாக ஒவ்வொரு காலாக எடுங்கள். மறுபடி பின் அடிக்காமல் பருத்தி நூலால் தைக்கச் சொல்லுங்கள். செலோ டேப் எங்கும் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையைப் பூச்சி தின்னாமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் நீங்களே அந்தப் பசையைக் காய்ச்ச வேண்டாம்.

அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கடலோரச் சுவர் உப்பு பூக்கும், உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஒட்டி நிற்கும் புத்தகத்துக்குத்தான் முதலில் பூஞ்சை. தட்டுகளை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்துணி உப்பை எடுக்கும், காய்ந்த துணி ஈரத்தை எடுக்கும். ஒன்றை விட்டால் மற்றது பயனில்லை. இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டுகளும் காய்ந்த வேப்பிலையும் மெல்லிய துணியில் முடிந்து வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெயிலில் காயப்போடுவது மட்டும் கூடாது, பத்திரிகைத் தாள் ஒரே நாளில் பழுக்கும்.

புத்தகம் கடல் தண்ணீரில் நனைந்துவிட்டால் உடனே உலர்த்தாதீர்கள். உப்பு உள்ளே தங்கினால் அது என்றைக்கும் காயாது. மூடியபடியே நல்ல தண்ணீரில் மெதுவாக முக்கி எடுங்கள், தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. பிறகு செங்குத்தாக நிறுத்தி நீர் வடிந்தபின், இருபது முப்பது பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி மின்விசிறிக் காற்றில் வையுங்கள். இரண்டு மணிக்கொரு தரம் தாளை மாற்ற வேண்டும். இரண்டு நாளுக்குள் பூஞ்சை வந்துவிடும் என்பதால், உடனே கவனிக்க நேரமில்லையென்றால் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு வாரம் கழித்துக்கூட எடுத்து ஆற அமர உலர்த்தலாம். இந்த வைத்தியம் அச்சடித்த புத்தகத்துக்கு மட்டும். பேனாவால் எழுதிய பக்கம் இருந்தால் மை கரைந்துபோகும்.

“இலவசமாகப் படிக்க வழி உண்டா?”
– சாயல்குடி மாணவர்

கல்கியின் நாவல்கள், தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும் ‘மதுரைத் திட்டம்’ (Project Madurai) இணையத் தளத்தில் இருக்கின்றன. ஒருமுறை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம். உங்கள் கிளை நூலகத்தில் இல்லாததை இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். மதுரை போகிறவர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் புத்தகத்தைத் திருட்டு பிடிஎஃப் ஆகப் படிக்காதீர்கள். தொடரின் முதல் பாகம் விற்காவிட்டால் இரண்டாம் பாகம் வராமலே போய்விடும்.

“தோழிகள் ஐந்து பேர். எங்களிடம் ‘பொன்னியின் செல்வன்’ ஒரே ஒரு செட். எப்படிப் பங்கிடுவது?”
– ஏர்வாடி மாணவிகள்

ஆளுக்கொரு பாகம் என்று பிரித்தால் நான்கு பேருக்குக் கதை நடுவில் தொடங்கும். அது வேண்டாம். முதல் பாகத்துக்கு மட்டும் நூலகத்திலிருந்து இன்னொரு பிரதி எடுங்கள். இரண்டு பேர் முதலில் தொடங்கட்டும். பன்னிரண்டு நாளில் முதல் பாகம் கைமாறும். காத்திருப்பவர்கள் அதுவரை ‘பார்த்திபன் கனவு’ படிக்கட்டும், மூன்றே பாகம், சீக்கிரம் முடியும். இரண்டாம் பாகத்திலிருந்து ஒரே பிரதி என்பதால் வேகமாகப் படிப்பவள் முதலில். ஐந்தாம் பாகம் சில பதிப்புகளில் இரண்டு புத்தகமாக இருக்கும், அப்படி இருந்தால் அங்கே நெரிசல் குறையும்.

ஒவ்வொருத்தியும் தான் முடித்த அத்தியாய எண்ணைத் தினமும் ஒரு பொதுத் தாளில் எழுதி வையுங்கள். பேச்சு எப்போதும் அந்தத் தாளில் உள்ள மிகச் சிறிய எண்ணோடு நிற்க வேண்டும். 140 வரை போனவள், 60இல் இருப்பவள் எதிரில் ஒரு “ஐயோ, பாவம்” என்று சொன்னால்கூடப் போதும், இரண்டு பாகத்து மர்மம் போய்விடும்.